‘கிளம்பலாமா’ அக்கா

மலாக்காவின் பாச்சாங்கில் நாங்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில் அந்த அக்காவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘கிளம்பலாமா அக்கா’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், பிறந்தநாள், துக்க வீடு, எங்கே வந்தாலும் வந்த சுருக்கில் அவர் வாயிலிருந்து வரும் சொல் அது. மற்றவர்கள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்கள். அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, கிளம்பலாமா?” என்பார்.

அவருக்கு வேன் ஓட்டுகிற வேலை. விடிவதற்குள் தங்கா பத்துவில் தொடங்கி, பாச்சாங் வழியாக வந்து எங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஃபேக்டரி வாசலில் இறக்கிவிடுவார். ஷிப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்வார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தால் வேன் இருக்காது. ஐயோ, விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று நிற்கும்போது தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வருவார்.

“ஒரு நிமிஷம் நின்னா என்னக்கா?” என்று கேட்டேன்.

“நின்னா மனசு கெடந்து குதிக்குதும்மா. சுத்திட்டு வந்தா அந்த நேரம் ஓடிப்போயிடுது.”

ஆனால் யாரையும் விட்டுவிட்டுப் போனதாக ஒரு நாளும் கிடையாது. வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார்.

கடையில் எதை வாங்கினாலும் அவருக்குப் பொங்குஸ்தான், கட்டி எடுத்துக்கொண்டு போவதுதான். ரொட்டி சானாய் பொங்குஸ், மீ கோரேங் பொங்குஸ். தேநீரையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, உறிஞ்சுகுழாயைப் போட்டு வேனுக்குள் கொக்கியில் மாட்டிக்கொள்வார். கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே பையை எடுத்துவிடுவார். வீடுகளுக்கு வந்தால் வாசற்படியோடு சரி. உள்ளே வரச் சொன்னால், “செருப்பக் கழட்டணும், அப்புறம் மாட்டணும், இருக்கட்டும்மா” என்பார். தேவாலயத்தில் கடைசி பெஞ்சு, அதிலும் கதவோரம். ஃபாதர் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கும்போது வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்கும். தலைக்கனம் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. நான் அவரையே ஒருமுறை கேட்டேன், ஏன் இப்படி என்று. “தெரியலம்மா. சின்னதுலேர்ந்தே இப்பிடித்தான். எங்க இருந்தாலும் வேற எங்கயோ போகணும்னு கால் சொல்லுது” என்றார்.

இப்படிப்பட்டவருக்குக் கணவராக வாய்த்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா, அதாவது காவலாளி. நாள் முழுக்க வாசல் குடிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் வாசல் ஐந்தடித் தாழ்வாரத்தில் இன்னொரு நாற்காலி. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வரன் தேடும் விளம்பரம் வரைக்கும், வரி விடாமல், உதட்டை அசைத்து வாசிப்பார். ஒரு தேநீரை அவர் குடித்து முடிப்பதற்குள் அக்கா துணி துவைத்துக் காயப்போட்டு, பாசாருக்குப் போய்க் காய்கறியும் வாங்கி வந்துவிடுவார். எங்காவது விருந்துக்குப் போனால் அக்கா பாதியில் கிளம்பிவிடுவார். அண்ணன், “நீ போ, நான் வரேன்” என்று சொல்லி, நிதானமாகப் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு யாராவது ஒருவருடைய காரில் வந்து சேருவார். இதில் இரண்டு பேருக்கும் வருத்தமே கிடையாது. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டு நான் அறியேன்.

லேடாங் மலைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது என்னோடு வேலை பார்த்த சாந்தி. நீண்ட விடுமுறை வந்தது. காட்டுப் பாதையில் கொஞ்சம் ஏறிவிட்டு, அருவியில் குளித்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மலாக்கா எல்லையிலேயே இருக்கும் மலை. ஜாசின் பக்கம் போகும்போதெல்லாம் செம்பனைக்கு மேலே நீலமாகத் தெரியும். ஆனால் எங்களில் யாரும் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் கால் வைத்ததில்லை. நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் நூர்ஜஹான், தன் அம்மா பிரியாணி செய்து தருவதாகச் சொன்னாள். வேனுக்கு அக்காவைக் கேட்டோம். கேட்டு முடிப்பதற்குள், “எத்தன மணிக்குக் கிளம்பணும்?” என்றார்.

அன்று காலையில் வேனில் ஏறியபோது பின்னிருக்கையில் அண்ணன் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுல உக்காந்து படிக்கிறத மலையில உக்காந்து படிக்கட்டும்னு இழுத்துட்டு வந்தேன்” என்றார் அக்கா.

“எனக்கு எங்கன்னாலும் சரிதான்லா” என்று அண்ணன் பக்கத்தைத் திருப்பினார்.

பூங்கா வாசலில் பெயர்களைப் பதிந்துகொண்டதும் ஒரு மலாய் வழிகாட்டியை எங்களோடு அனுப்பினார்கள். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே வெயில் காணாமல் போனது. வேர்கள் பாதையின் குறுக்கே படிக்கட்டுபோலக் கிடந்தன. அட்டைக்குப் பயந்து எல்லோரும் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டோம். எங்கிருந்து என்று தெரியாமல் தண்ணீர் ஓடும் சத்தம் கூடவே வந்தது. வழிகாட்டி ஒரு பெரிய மரத்தின் அடியில் நின்று எதையோ காட்டிச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேசி முடித்துத் தலைகளை எண்ணியபோது அக்கா இல்லை.

கூப்பிட்டோம். பதில் இல்லை. பாதை முன்னால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வழிகாட்டி விசிலை எடுத்து ஊதினார். அந்தச் சத்தம் மரங்களுக்குள் போனது, போனதோடு சரி. பறவைகள்கூட நிறுத்திவிட்டன. சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. அண்ணன் மட்டும் ஒரு வேர்மேல் உட்கார்ந்து, “வருவா. சுத்திட்டு வருவா” என்றார்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அக்கா இறங்கி வந்தார். பிரம்பு முள் கீறிக் கையில் ரத்தக் கோடு. மூச்சு வாங்கியது.

“மேலயும் மரம்தான்மா. இதே மாதிரிதான். போலாமா?”

வழிகாட்டிக்குக் கோபம். “இது காடு, பாசார் இல்ல” என்று மலாயில் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அதன்பிறகு வழிகாட்டிக்குப் பின்னால், அவர் குதிகாலை மிதித்துவிடும் நெருக்கத்தில் நடந்தார்.

மேலே பாறைத் திட்டு ஒன்றில் காடு விலகிக் கீழே எல்லாம் தெரிந்தது. செம்பனைத் தோட்டங்கள் சீவி வாரினதுபோல வரிசையாகக் கிடந்தன. தூரத்தில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை. நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். வந்ததும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததால்தான் அவர் கண்ணில் பட்டது. எதிர்மரத்தில் ஒரு இருவாச்சி, அத்தனை பெரிய அலகோடு, எங்களைப் பொருட்படுத்தாமல் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தது.

“இந்தா, இங்க வந்து பாரு” என்றார் அண்ணன், திரும்பாமலே, மெதுவாக. அக்கா அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். என்னிடம், “அவ பாக்கலயே” என்றார். அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை. ஆனால் பறவை பறந்து போகும்வரை அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

இறங்கி அருவிக்கரைக்கு வந்ததும் வழிகாட்டி விடைபெற்றுக்கொண்டார். நாங்கள் இறங்கிய குளத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. மேலே வெயில், கீழே கண்ணாடிபோலத் தண்ணீர். எல்லோரும் விழுந்து குளித்தோம். அண்ணன் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு குளத்தின் நடுவே ஒரு தட்டைப் பாறைக்குப் போய், கால்களைத் தண்ணீரில் விட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். பின்னாளில் அவரை நினைத்தால் எனக்கு வரும் முகம் அதுதான். ஒரு மனிதன் வேண்டியதெல்லாம் கிடைத்து உட்கார்ந்திருக்கும் முகம்.

கரையில் பாய் விரித்து, நூர்ஜஹான் பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்தாள். வாசம் வந்தது. எல்லோருக்கும் அகோரப் பசி. அப்போதுதான் அக்கா சொன்னார்.

“கிளம்பலாமா?”

சாந்தி சிரித்தாள். “அக்கா, இப்பத்தான் மூடியே தொறந்திருக்கு.”

“மேல கார் பார்க்ல சாப்புடலாம்லா. கிளம்புங்க.”

“அங்க ஒரே வெயில்க்கா.”

அக்கா மூடியைப் போட்டார். சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கற்படிகளில் ஏறத் தொடங்கிவிட்டார். நூர்ஜஹானுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மா தூங்காம செஞ்சதுக்கா” என்று பின்னாலேயே ஓடினாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பாயைச் சுருட்டினார்கள். இனிமேல் இவரைக் கூட்டிக்கொண்டு எங்கும் வரக்கூடாது என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். சோறு போன வழியே எல்லோரும் ஏறினோம்.

அண்ணன் அசையவில்லை.

“ஏங்க, வாங்க” என்று படியிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

“நீ போ, நான் இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்.”

எப்போதும் அப்படிச் சொல்வார். எப்போதும் அக்கா விட்டுவிட்டுப் போவார். அன்று என்னவோ, சட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்ப இறங்கி வந்தார். காலணியோடு, உடுத்திய துணியோடு தண்ணீருக்குள் நடந்து போனார். அண்ணனின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

“ஏய், கண்ணாடிய குடு” என்றார் அண்ணன். அது இல்லாமல் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எழுந்து கைகளை நீட்டித் தடவிக்கொண்டு வந்தார். நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கரையேற்றினேன். “இவளோட ஒரு எடத்துல நிம்மதியா இருக்க முடியுதா” என்று புலம்பிக்கொண்டே படியேறினார்.

பாதிப் படியில் இருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. மண்சாலையில் பாரம் ஏற்றிய லாரி வருவதுபோல இருந்தது. லாரி எங்கே இங்கே என்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக, சுவர் மாதிரி வந்தது. இலையும் கிளையும் முழு மரக்கட்டையுமாக வந்தது. மலை உச்சியில் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கொட்டிய மழை. மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்பார்கள், தண்ணீரின் தலை. நாங்கள் பாய் விரித்திருந்த இடம் போனது. அந்தத் தட்டைப் பாறை போனது. மூச்சுவிடும் நேரத்தில் அங்கே அப்படி ஒரு குளம் இருந்த அடையாளமே இல்லை.

சாந்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன், “என்ன சத்தம்? என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டார். காம்பு முதலில் காதில் மாட்டாமல் கன்னத்தில் குத்தியது. அண்ணன் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் கை பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது வேனில் பின்னால் ஒரே பேச்சு. அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார்கள். தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்திருப்பார் என்றாள் ஒருத்தி. காற்றில் மண்வாசம் வந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. நூர்ஜஹான் அழுதுகொண்டே அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் முன்னிருக்கையில் இருந்தேன். அக்கா பாதையைவிட்டுக் கண்ணெடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலம்மா.”

“அப்புறம் ஏங்க்கா அண்ணன் கண்ணாடிய எடுத்தீங்க?”

“கோவம்தான். வேற என்னா.”

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி பேசினார். “எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான்தான் பக்கத்துல. என் கையப் புடிச்சுட்டு, போகாத இருன்னாங்க. எனக்கு இருக்க முடியல. கோப்பி வாங்கிட்டு வரேம்மான்னு எந்திரிச்சிட்டேன். பொங்குஸ் பண்ணிட்டு வந்து பாத்தா முடிஞ்சிருச்சு. அன்னைக்கும் இதே காலுதான். இதே மனசுதான். இவங்க என்னமோ சாமி வந்து சொன்ன மாதிரி பேசுறாங்க.”

கொக்கியில் ஆடிக்கொண்டிருந்த தேநீர்ப் பையை எடுத்து நீட்டினேன். ஒரு கையால் வாங்கி உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

ஆனால் கதை தாமான் முழுக்கப் பரவிவிட்டது. தேவாலயத்தில் அவரை முன் பெஞ்சுக்கு வரச் சொன்னார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தைப்பூசப் பயணத்துக்கு அவருடைய வேன்தான் வேண்டும் என்றார். ஒரு அம்மா தன் மகனின் ஆபரேஷனுக்கு எந்த நாள் நல்லது என்று கேட்டு வந்து நின்றார். அக்கா முகம் சிறுத்துப்போய், “டாக்டரக் கேளுங்கம்மா” என்று சொல்லி வேனை எடுத்தார். அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தச் சொல்லையே அவர் சொல்லாமல் பார்த்துக்கொண்டார். விருந்துகளில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, வியர்த்து, பாயசம்வரை இருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அண்ணன்தான் ஒருநாள் எல்லோர் முன்னாலும், “கிளம்பு புள்ள, நான் வரேன்” என்றார். அக்கா விட்டால் போதும் என்று ஓடினார்.

சில வருஷம் கழித்து அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. அப்போது நான் கல்யாணமாகி செர்காமில் இருந்தேன். போய்ப் பார்த்தபோது வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டு அம்மா உதட்டைச் சுழித்தார். “சீக்காளிய வேன்ல போட்டுக்கிட்டு ஊரு சுத்துறா. கட்டில்ல படுக்க வச்சுக் கஞ்சி குடுக்கிறத விட்டுட்டு.”

உண்மைதான். அக்கா ஃபேக்டரி ஓட்டத்தை விட்டுவிட்டு, வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டிருந்தார். தலையணைகளை அடுக்கி அண்ணனைச் சாய்த்து, பெல்ட்டால் பதமாகக் கட்டி, காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். வழியில் நிறுத்தி மருந்து கொடுப்பார், சாப்பாடு ஊட்டுவார், துடைத்துவிடுவார். செர்காம் பக்கம் வரும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் ஹார்ன் கேட்கும். நான் போய் ஜன்னல் வழியாக அண்ணனிடம் பேசுவேன். அவர் இடது கையைத் தூக்குவார்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். “அண்ணனுக்கு அலுப்பா இருக்காதாக்கா? வீட்டுல இருந்தா ஓய்வா இருக்கும்ல.”

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வீட்டுல பக்கத்துல உக்காந்தா எனக்கு எந்திரிச்சுப் போகணும்னு வரும்மா. என்னால அடக்க முடியாது. போயிருவேன். அந்த நேரம் பாத்து ஏதாவது ஆயிட்டா? வண்டியில இருந்தா நான் எங்க போறது? நான் போற எடத்துக்கெல்லாம் அவரும்தான வராரு.”

பின்னால் அண்ணன் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அக்கா சிரித்தார். “எங்கன்னாலும் சரிதானாம்.”

கடைசியாக அவர்களைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் போன் வந்தது. “கடக்கரைக்குக் கொஞ்சம் வரியாம்மா?” அவ்வளவுதான் சொன்னார். குரலில் எதுவும் தெரியவில்லை. மீன் சுட்டு விற்கும் கடைகளைத் தாண்டி, மரத்தடியில் வேன் நின்றிருந்தது. பக்கக் கதவைக் கடல் பார்த்துத் திறந்து வைத்திருந்தார். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். அக்கா வேனின் தரையில் சம்மணம் போட்டு, அவர் கால்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

“எப்பக்கா?”

“மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்கல்ல, அப்ப. ரோட்டுல வந்துட்டிருந்தோம். நான் கண்ணாடியில பாத்தேன். அவரும் என்னத்தான் பாத்துட்டிருந்தாரு. பாத்துட்டே போயிட்டாரு.”

சூராவில், பக்கத்துச் சிறு பள்ளிவாசலில், அப்போது அடுத்த தொழுகையே முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை நேரமும் அவர் அங்கேயே இருந்திருக்கிறார்.

“அப்பவே ஏங்க்கா எனக்கு போன் பண்ணல? தனியா இவ்வளவு நேரம்...” எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அண்ணனின் மடங்கியிருந்த கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டார்.

“தனியா எங்கம்மா? ரெண்டு பேரும் கடலப் பாத்துட்டு இருந்தோம். அவருக்கு அவசரப்படுத்துனா பிடிக்காதுல்ல.”